ரெண்டு கண்ணாலயும் அழு

ஜூன் 14

இன்று பள்ளிக்கூடம் போகவில்லை. நாளைக்கு லீவ் லெட்டர் எழுத வேண்டும். வேதியியல் நோட்டு வேறு முடிக்காமல் கிடக்கிறது.

தம்பி பிரவீனைப் பாண்டிச்சேரிக் கண்ணாஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அப்பா நைட் ஷிஃப்ட் முடித்து வந்து படுத்துவிட்டார். பிரவீனை மாற்றி மாற்றித் தூக்க ஆள் வேண்டும் என்று அம்மா என்னைக் கூட்டிப் போனாள். சொட்டு மருந்து விட்டபோது அவன் கத்திய கத்தலில் வரிசையில் இருந்த மற்ற பிள்ளைகளும் அழுதன.

கண்ணாடி போட வேண்டுமாம். அவனுக்கு இன்னும் இரண்டு வயதுகூட ஆகவில்லை. “ஒரு கண்ணு உள்பக்கம் ஒதுங்குதும்மா. இப்பவே போட்டாதான் உண்டு. விட்டா மூளை அந்தக் கண்ணை மறந்திடும். அப்புறம் எந்தக் கண்ணாடியும் எந்த ஆபரேஷனும் அதைத் திருப்பிக் கொண்டு வராது” என்றார் டாக்டர். குடும்பத்தில் யாருக்காவது சின்ன வயதில் இப்படி — என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் அம்மா “யாருக்கும் இல்ல” என்றாள்.

சாயங்காலம் ஊரிலிருந்து பாப்பா அத்தை போன் செய்தாள். அப்பாவின் அக்கா. அவளிடம் அம்மா சொன்னது அப்படியே காதில் இருக்கிறது. “எங்க பக்கம் யாருக்கும் கிடையாது மதினி. எல்லாம் இவ செஞ்ச வேலை. தொட்டில் தலைமாட்டுல நின்னு நின்னு ஆட்டுனா. பிள்ளை அண்ணாந்து பாத்துப் பாத்துக் கண்ணு செருகிட்டு.”

தலைமாட்டில் நின்றால் பிள்ளைக்கு மாறுகண் விழும் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கும் தெரியும். ஆனால் அந்தப் பக்கம்தான் ட்யூப்லைட். புத்தகத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு தொட்டிலை ஆட்டுவேன்.

கக்கூஸ் விளக்கைப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். கதவுக்கு அடியில் வெளிச்சம் தெரியாமல் இருக்கத் துண்டைச் செருகியிருக்கிறேன்.

ஜூன் 15

நின்றேன். நின்றது உண்மைதான்.

ஜூன் 24

கண்ணாடி வந்துவிட்டது. நீல நிறம், வட்டம், பின்னால் ரப்பர் பட்டை. அதில் அவன் கண்கள் பெரிதாக, தண்ணீருக்குள் கிடக்கிற மாதிரி தெரிகின்றன. போட்டுக் கொஞ்ச நேரம் ஆனதும் இரண்டு கண்ணும் நேராக வந்துவிடுகிறது. நானே பார்த்தேன். கழற்றினால் ஒன்று மறுபடி மூக்குப் பக்கம் ஓடிவிடுகிறது.

ஆனால் அவன் இருக்க விட்டால்தானே. பிடுங்கிப் பிடுங்கி எறிகிறான். நாலாவது தடவை எறிந்ததும் அம்மா எழுந்து போனாள். அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்துக்கொண்டு வந்தாள். அவன் கைகள் இரண்டையும் உடம்போடு சேர்த்து வைத்துச் சுற்றி முதுகில் முடிச்சுப் போட்டாள். தரையில் உட்காரவைத்துக் கண்ணாடியை மாட்டினாள். அவன் மூச்சு நின்றுவிடும்போல அழுதான்.

அம்மா அவன் முன்னால் குந்திக்கொண்டு சொன்னாள்: “அழு. நல்லா அழு. ரெண்டு கண்ணாலயும் அழு.”

அப்பா குளித்துவிட்டு வந்து பார்த்துப் பதறிப்போய் முடிச்சை அவிழ்த்தார். “கோட்டி பிடிச்சிட்டாட்டி உனக்கு? பச்சப் பிள்ளை. கொஞ்சம் வளந்த பொறவு போட்டுக்கிடலாம்” என்றார். அவனைத் தூக்கிக்கொண்டு பார்க்குக்குப் போய்விட்டார். அவர் தலை மறைந்ததும் அம்மா என்னைப் பார்த்தாள்.

“உன்னாலதான்” என்றாள்.

ஜூன் 30

அப்பா ஷிஃப்டுக்குக் கிளம்பியதும் கட்டு. அப்பா வரும் நேரத்துக்கு அவிழ்ப்பு. இதுதான் இப்போது நடக்கிறது.

எதிர் குவார்ட்டர்ஸ் செல்லக்கிளி அக்கா ஜன்னல் பக்கம் வந்து, “இன்னாங்க இது, புள்ள எந்நேரமும் அழுதுகினே இருக்குது? எங்க வூட்டுக்காரரு நைட்டு பாத்துட்டு வந்து தூங்க வேணாமா?” என்று கேட்டாள். கட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். “பெத்தவதானா நீங்க?”

அம்மா சிரித்தாள். “சந்தேகமா இருந்தா நீங்க வந்து மாட்டி விடுங்க.” ஜன்னலைச் சாத்தினாள்.

அம்மா மாவு அரைக்கப் போன நேரம் நான் முடிச்சைத் தளர்த்திவிட்டேன். அவன் கை சிவந்திருந்தது. எவ்வளவு சீக்கிரம் திரும்பி வந்தாள்! தொடையில் கிள்ளினாள், பாவாடை மறைக்கிற இடமாகப் பார்த்து. “கண்ணைக் கெடுத்ததும் நீ, இப்ப இரக்கப்படறதும் நீயா?”

எல்லோருக்கும் அப்பாதான் நல்லவர். எனக்கும்.

ஜூலை 9

இன்று உயிரியல் மிஸ்ஸிடம் கேட்டே விட்டேன். என் தோழிக்கு, என்று சொல்லிக் கேட்டேன். தலைமாட்டில் நின்றால் மாறுகண் வருமா? மிஸ் சிரித்தார். அதெல்லாம் கிடையாது, பிறவியிலேயே வருவது, பெரும்பாலும் குடும்பத்தில் யாருக்காவது இருக்கும், அம்மாவுக்கோ அப்பாவுக்கோ இருந்தால் பிள்ளைக்கும் வரலாம் என்றார்.

நான் இல்லை! நான் செய்யவில்லை! வீடு வரைக்கும் ஓடியே வந்தேன்.

அம்மா தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். மாவு கல்லுக்கு வெளியே சிந்தியிருந்தது. எப்போதும் சிந்தும். அப்பா “உன் கையில ஓட்டைட்டி” என்று கேலி செய்வார். மிஸ் சொன்னதை மூச்சு வாங்கச் சொன்னேன். குடும்பத்தில் இருந்தால்தான் — என்றபோது அம்மாவின் முகத்தில் ரத்தமே இல்லாமல் போனது. அப்புறம் தோசைத் திருப்பியாலேயே அடித்தாள். முழங்கையில். சூடாக இருந்தது.

“உங்க மிஸ் வந்து எங்க குடும்பத்தைப் பாத்தாளா? எங்க வீட்ல யாருக்கு இருக்குன்னு கண்டா? இனிமே இந்தப் பேச்சு இந்த வீட்டுல வந்துது, நாக்குல சூடு வைப்பேன்.”

முன்பு நான் பொய் சொல்லி மாட்டிக்கொண்டபோதுகூட அம்மா அடிக்கவில்லையே. உண்மையைச் சொன்னதற்கு ஏன்?

ஜூலை 21

இன்று நடந்ததை எழுதியே ஆக வேண்டும்.

போன தடவை போனபோது டாக்டர் கண் பிளாஸ்திரி கொடுத்தார். நல்ல கண்ணை மூடி ஒட்டினால் சோம்பேறிக் கண் வேலை செய்யுமாம். பிரவீன் அதையும் பிய்த்து எறிகிறான். அதனால் நான் ஒரு விளையாட்டு கண்டுபிடித்தேன். எனக்கு ஒன்று ஒட்டிக்கொண்டேன். கரடிப் பொம்மைக்கு ஒன்று. ஞாயிற்றுக்கிழமை என்பதால் அப்பா வீட்டில் இருந்தார், அவருக்கும் ஒன்று. ஒற்றைக்கண்ணோடு அவர் ஆடிய ஆட்டத்தில் பிரவீன் கை தட்டிச் சிரித்தான். அவன் கண்ணில் ஒட்டியதை அவன் மறந்தே போனான். அம்மாவிடம் நீட்டினேன். இடது கண்ணில் தானே ஒட்டிக்கொண்டாள். அம்மாகூடச் சிரித்தாள்.

அப்பா வெளியே போனார். பிரவீன் அம்மா மடியில் ஏறி, அவள் கண்ணில் இருந்ததைப் பிய்த்து அடுத்த கண்ணில் வைத்து அப்பினான். வலது கண்ணில்.

அம்மா அசையவில்லை. அவன் மடியிலிருந்து இறங்கி ஓடினான். அவன் இறங்கிய பக்கம் அம்மா கையை நீட்டினாள். அவன் அங்கே இல்லை. கதவு நிலையருகே நின்று சிரித்துக்கொண்டிருந்தான். அம்மா காற்றைத் தடவினாள். எழுந்தவள் ஸ்டூலில் இடித்துக்கொண்டாள். திறந்திருந்த இடது கண் என் முகத்துக்கு நேராக இருந்தது.

“தேவி? இங்க யாரு நிக்கா? பிள்ளை எங்க?”

பேசாமல் நின்றால் அம்மாவுக்கு என்னைத் தெரியவில்லை.

ஜூலை 22

தலை வாரிவிட அம்மா என்னை முன்னால் உட்காரவைத்தாள். பின்னலை இழுத்துக்கொண்டே சொன்னாள், என் முகத்தைப் பார்க்காமல்.

அம்மா மூன்றாம் வகுப்பு படித்தபோது பள்ளிக்கூடத்தில் கண் முகாம் நடந்ததாம். உடனே கண்ணாடி போடுங்கள், இல்லாவிட்டால் அந்தக் கண் போய்விடும் என்று எழுதிக் கொடுத்தார்களாம். கண்ணாடி போட்ட பெண்ணை எவன் கட்டுவான் என்று தாத்தா கேட்டாராம். அம்மாவும் கண்ணாடி வேண்டாம் என்று அழுதாளாம். “ஒரு நாள் அழுதேன். விட்டுட்டாங்க. அழுதா விட்டுருவாங்க பாரு, அவங்களுக்கு எம்மேல பாசம்.”

வெளியிலிருந்து பார்த்தால் குறை ஒன்றும் தெரியாத கண். பெண் பார்க்க வந்தபோது யாரும் சொல்லவில்லை. அப்பாவுக்கு இன்னும் தெரியாது.

“அப்ப நான் செய்யலைன்னு அத்தைகிட்ட சொல்லும்மா” என்றேன்.

“நீ பொட்டப்பிள்ளை. நாலு நாள் ஏச்சு வாங்குனா ஆறிரும். எனக்கு ஆறாது.” ரிப்பனை இறுக்கினாள். “சொன்னே, உனக்கு அம்மா கிடையாது. பாத்துக்கோ.”

ஆகஸ்ட் 2

யாரிடமும் சொல்லவில்லை. பிரவீன் இன்று படத்திலிருந்த பூனையைத் தானே விரலால் தொட்டுக் காட்டினான். கையைக் கட்டாமலேயே சாப்பிட்டு முடிக்கும் வரை கண்ணாடி மூக்கில் இருந்தது. அம்மா அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அழுவதை இன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 11

சொல்லிவிட்டேன்.

காலையில் பாப்பா அத்தை வந்தாள். வந்ததும் பிரவீன் தாடையைப் பிடித்து, “யாத்தி, எங்க குலக்கொழுந்துக்கு இந்தச் சோடாபுட்டியா” என்று மூக்கைச் சிந்தினாள். சாப்பாடு முடிந்ததும் என் பக்கம் திரும்பினாள். “ஏ மாடசாமி, இவ பார்வை பிள்ளைக்கு ஆகலை. நான் கூட்டிட்டுப் போறேன். அங்க பள்ளிக்கூடம் இல்லையா? எங்க கடைக்கு ஒத்தாசையா இருப்பா. படிப்பை அடுத்த வருசம் பொறவு பாப்போம்.”

அப்பா பல்லைக் குத்திக்கொண்டு யோசித்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா எச்சில் இலைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

“கூட்டிட்டுப் போங்க மதினி” என்றாள். “இவ இல்லாட்டா பிள்ளைக்கும் நல்லதுதான்.”

நான் யோசிக்கவே இல்லை. வாய் தானாகத் திறந்தது. “என்னால ஒண்ணும் இல்ல, அம்மாவுக்குத்தான் ஒரு கண்ணு தெரியாது. அதான் தம்பிக்கு வந்துச்சு.”

முதலில் அப்பா சிரித்தார். “ஏட்டி, என்னவாம் இவ?” அம்மா கையிலிருந்த இலையைக் கீழே வைத்தாள். அப்பா சிரிப்பை நிறுத்தினார். எழுந்துபோய்ப் பிளாஸ்திரி டப்பாவை எடுத்து வந்தார். அவரே அம்மாவின் தலையைப் பிடித்து வலது கண்ணில் ஒட்டினார், ஓரங்களை அழுத்தி அழுத்தி. அம்மா ஒட்டவிட்டாள். அவள் முகத்துக்கு முன்னால் கையை வைத்தார்.

“எத்தனை விரல்?”

அம்மா உதட்டை நனைத்துக்கொண்டாள். “மூணு.”

அப்பா ஒரு விரலும் நீட்டவில்லை. கையைப் பொத்தித்தான் வைத்திருந்தார்.

“இப்ப எத்தனை?”

“ரெண்டு.”

அதே பொத்திய கை. அத்தை நெஞ்சில் அடித்துக்கொண்டாள். “ஒத்தைக் கண்ணியையா எங்க தலையில கட்டினீங்க, பாவிகளா!” பிரவீனுக்கு எங்கள் விளையாட்டு ஞாபகம் வந்துவிட்டது. ஓடி வந்து கை தட்டிச் சிரித்தான்.

அவன் சிரிப்பை நிறுத்துகிற வரைக்கும் அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஆகஸ்ட் 13

அம்மா சோறு போட வந்தாலும் அப்பா கேட்பது “எத்தனை விரல்?” தண்ணீர் கொண்டுவந்தாலும் “எத்தனை விரல்?” என்னிடம் மட்டும் அன்பாக இருக்கிறார். “எம் பிள்ளை ஒருத்திதான் உண்மையைச் சொன்னா” என்று தலையைத் தடவினார். அவர் கை பட்டதும் எனக்கு ஒன்றுக்கு வந்துவிட்டது.

ஆகஸ்ட் 18

மாமா வந்து அம்மாவை ஊருக்குக் கூட்டிப் போய்விட்டார். பிரவீனைத் தரமாட்டோம் என்று அத்தை வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். அப்பா டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆட்டோவில் ஏறுவதற்கு முன் அம்மா திரும்பி வந்தாள். என்னிடம்தான் வருகிறாள் என்று நினைத்தேன். ஃபிரிட்ஜ் மேல் இருந்த கண்ணாடியை எடுத்து முந்தானையால் துடைத்தாள். பிரவீனுக்கு மாட்டினாள். நான் பக்கத்தில்தான் நின்றேன், அவள் இடது பக்கம். என்னைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லையா, பார்க்கவில்லையா?

ஆட்டோ திரும்புவதற்குள் அத்தை அதைக் கழற்றி மறுபடி ஃபிரிட்ஜ் மேல் வைத்தாள்.

செப்டம்பர் 1

யாரும் கண்ணாடி போடுவதில்லை. மாட்டினால் அழுகிறான். அழுதால் அப்பாவுக்குத் தாங்கவில்லை. “வச்சிரு, வச்சிரு, பொறவு பாப்போம்.” அத்தை பொன்னாங்கண்ணிக் கீரை கடைந்து ஊட்டுகிறாள். ஆஸ்பத்திரி தேதி போய்விட்டது. சொன்னதற்கு, “அந்த ஒத்தைக்கண்ணி பேச்சை எடுக்காதே” என்றார் அப்பா.

என்னை எங்கேயும் அனுப்பவில்லை. எனக்குப் புது சைக்கிள் வந்திருக்கிறது. நான் அதைத் தொடவில்லை.

இன்று பூனைப் படத்தைக் காட்டினேன். பக்கத்தில் இருந்த வெறும் தாளைத் தொட்டான்.

செப்டம்பர் 8

அப்பா ஃபர்ஸ்ட் ஷிஃப்ட். அத்தை வடலூர் போயிருந்தாள், திரும்பி வர மத்தியானம் ஆகும் என்றாள்.

கதவைத் தாழ்ப்பாள் போட்டேன். வேட்டித் துணி பீரோவுக்கு அடியில்தான் இருந்தது. அவன் விளையாட்டு என்று நினைத்து முதலில் சிரித்தான். கைகளை உடம்போடு சேர்த்துச் சுற்றினேன். முடிச்சு சரியாக விழவில்லை, அவிழ்த்து மறுபடி போட்டேன். கண்ணாடியை மாட்டியதும் கத்த ஆரம்பித்தான். “ம்மா, ம்மா” என்று கூப்பிட்டான்.

செல்லக்கிளி அக்கா ஜன்னல் பக்கம் வந்துவிட்டாள். “அவதான் போய்ட்டாளே, இன்னும் யாருடி புள்ளைய அழவெச்சுகினு இருக்கறது?”

“நான்தான் அக்கா” என்றேன். ஜன்னலைச் சாத்தினேன்.

அவன் முன்னால் குந்திக்கொண்டேன். “அழு” என்றேன். “நல்லா அழு. ரெண்டு கண்ணாலயும் அழு.”

வெகுநேரம் அழுதான். அப்புறம் விக்கல் மட்டும் இருந்தது. மூக்குப் பக்கம் ஒதுங்கியிருந்த கண் மெல்ல நகர்ந்து நடுவுக்கு வந்தது. இரண்டு கண்ணையும் நேராக வைத்து என் முகத்தைப் பார்த்தான்.

பார்த்துவிட்டு, உட்கார்ந்தபடியே பின்னால் பின்னால் நகர்ந்து சுவரோரம் போய்விட்டான்.