முழு விதையும் இஞ்சை வந்திட்டுது

பிள்ளைகளின் அம்மாவுக்கு,

நீர் அனுப்பிய பொட்டலம் வந்தது. உள்ளே கடிதம் இல்லை. அதைப் பிறகு கேட்கிறேன், முதலில் பெர்னார் ஐயாவின் கதை.

அவர் பாண்டிச்சேரிக்காரர், பாரிஸ் லா சப்பலில் எங்களுக்குக் கீழ்மாடி. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், பைப் குடிப்பார். ஊரில் எங்கள் குடிலில் தேங்காய்ப் பொச்சுப் புகை போட்டு நீர் அனுப்பிய புகையிலையைச் சீவிக் கொடுத்தேன். அன்றிலிருந்து கடைப் புகையிலையைத் தொடுவதில்லை. "வீடெல்லாம் சுடுகாட்டு நாத்தம்!" என்று மனைவி ஜெர்மேன் கத்துவார். ஐயாவின் காதில் விழாது.

பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். அறையில் கூட இருக்கும் அல்பிரட் அதைப் பிரித்து, மூக்குத்தூள் என்று ஒரு சிட்டிகை இழுத்துவிட்டான்.

"அண்ணை, காரமே இல்லை. அக்காவை ஆரோ ஏமாத்திப்போட்டாங்கள்!"

தும்மலோடு சிரித்தான். பார்த்தால் தூள் மாதிரிப் புகையிலை விதை. அயலில் எல்லோரும் வேறு இனம் நட, நாங்கள் மட்டும் வைத்திருந்த அதே விதை, துணிப்பையோடு முழுவதும்.

பெர்னார் ஐயா வந்து பார்த்தார்.

"வெதையே இங்க வந்துடுச்சே. அடுத்த வருஷம் எலை வருமா, வராதா?"

நான் பையை இறுக்கிக் கட்டி வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

"கன்று நிக்குமட்டும் காணியை விட்டு வரமாட்டன்" என்று சொன்னவர் நீர். கார்த்திகையில் நாற்றுப் போட வேண்டும். அங்கே என்ன நடந்தது? விதையைத் திருப்பி அனுப்பவா, உம்மையும் பிள்ளைகளையும் இங்கே கூப்பிடுகிற பேப்பருக்கு நாளைக்கே வரிசையில் நிற்கவா? எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஒரு வரி எழுதும்.

உம்முடைய மனுசன்