கடைசி வரி பாதி மறையும்

கோட்டிங்கன்
வியாழக்கிழமை

அன்புள்ள ஹார்ட்முட்,

நீ நலமாக இருக்கிறாய் என்று நானே முடிவு செய்துகொண்டு எழுதுகிறேன். இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. பனி விட்டுவிட்டது, மறுபடி சைக்கிளை வெளியே எடுத்தாகிவிட்டது. பால்கனிக் கதவு பழையபடி சிக்குகிறது. நீ இருந்தால் ஒரு உதை விடுவாய். நான் இரண்டு விடுகிறேன், திறந்துகொள்கிறது.

வான்கூவர் வேலை ஒப்பந்தத்தை நீட்டிக்கட்டுமா என்று கேட்டிருந்தாய். கோடைக்குள் கையெழுத்துப் போட வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். “உன் இஷ்டம்” என்று இரண்டு முறை எழுதி, இரண்டு தாளையும் கசக்கிப் போட்டேன். பதில் இந்தக் கடிதத்திலேயே வரும், கொஞ்சம் பொறு.

ஏன் காகிதம் என்று யோசிப்பாய். உனக்கு மின்னஞ்சல் எழுத உட்கார்ந்தால் என் விரல்கள் தாமாகவே தணிக்கை செய்கின்றன. அனுப்பும் முன் வேலையைப் பற்றி ஒரு சொல்லாவது நழுவிவிட்டதா என்று மேலும் கீழும் படித்துப் பார்த்து, மிச்சம் இருக்கிற வானிலையை உனக்கு அனுப்புவேன். நீயும் அங்கிருந்து வானிலைதான் அனுப்புவாய். இத்தனை வருஷத்தில் கணவனும் மனைவியும் இவ்வளவு மழையைப் பற்றிப் பேசிக்கொண்ட வீடு வேறு இருக்காது.

விஷயத்துக்கு வருகிறேன். உன் நிறுவனம் தன் மெரிடியன் மென்பொருளின் நிரலைத் திறந்துவிட்டது. ஒரு வரி விடாமல், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், எடுத்துக்கொள்ளலாம், காசு வேண்டாம். இதை நான் உனக்குச் செய்தியாகச் சொல்வது வேடிக்கைதான். உனக்கு முன்பே தெரிந்திருக்கும். சொல்லியிருக்க முடியாது, அதுவும் தெரியும்.

அறிவிப்பு வந்த அன்று காலை உன் அக்கா கெர்லிண்டே கேக் கொண்டு வந்திருந்தாள். நான் நாற்காலியில் அசையாமல் இருப்பதைப் பார்த்து, யாராவது செத்துப்போனார்களா என்று கேட்டாள். குக்கூ செத்துவிட்டது என்றேன். பறவை எப்போது வளர்த்தாய் என்கிறாள். இத்தனை காலம் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று உன் குடும்பத்தில் யாருக்குமே தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது.

அவளுக்கு உருளைக்கிழங்கு சாலட்டை உதாரணமாக வைத்து விளக்கினேன். ஒரு பெரிய சமையலறை இருக்கிறது. அங்கே செய்கிற சாலட் எந்த ஊர்த் தட்டில் வைத்தாலும் ருசி மாறாது. ஆனால் செய்முறையைப் பூட்டி வைத்துக் காசுக்கு விற்கிறார்கள். மெரிடியனில் ஒருமுறை எழுதிய மென்பொருள் எந்தக் கணினியிலும் ஓடுகிறது அல்லவா, அதுபோல. நாங்கள் சில பேர் அந்தச் சாலட்டை வெளியே நின்று ருசி மட்டும் பார்த்து, அச்சு அசலாக அதையே செய்து ஊருக்கெல்லாம் இலவசமாகக் கொடுக்கிறோம். அதன் பெயர் குக்கூ. ஒரே ஒரு விதிதான். அந்தச் சமையலறைக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தவர் எங்கள் பாத்திரத்தைத் தொடக்கூடாது. பார்த்தவர் எங்களிடம் வாய் திறக்கவும் கூடாது. திறந்தால், திருடினீர்கள் என்று வழக்குப் போட்டு எல்லாவற்றையும் இழுத்து மூடிவிடுவார்கள்.

கெர்லிண்டே கேக்கை வெட்டிக்கொண்டே, “அப்போ என் தம்பி சமையல்கட்டுக்குள்ள போனவன். நீ வாசல்ல நின்னு மோப்பம் புடிக்கிறவ. ரெண்டு பேரும் ஒரே வீட்டுல! நல்லா வெளங்கும்டி” என்றாள். பிறகு அவளே, “அதான் கிறிஸ்துமஸுக்கு வந்தாகூட ரெண்டு பேரும் பல்டாக்டர் கடையில காத்திருக்கற மாதிரி உக்காந்திருந்தீங்களா” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும்.

அன்று மாலை குக்கூக்காரர்கள் எல்லோரும் வழக்கம்போல ஊட்டேயின் கடைப் பின்னறையில் கூடினோம். லோதர் அறிவிப்பை வாசித்தான். தொலைபேசி இலாகாவில் ஓய்வுபெற்றவன் இல்லையா, மரண அறிவிப்பைக்கூட இணைப்பு கொடுக்கிற குரலில்தான் வாசிப்பான். யாரும் அழவில்லை. ஃப்ராவ்கே மட்டும், “அப்ப நாம எதுக்கு?” என்றாள். “நாம சூப்பு குடிக்கறதுக்கு. ஆறிடும், சாப்புடு” என்றான் லோதர். பருப்பு சூப் நன்றாகவே இருந்தது.

பிறகு சுவரில் துணியைக் கட்டி மெரிடியனின் நிரலைத் திரையிட்டார்கள். விளக்கை அணைத்ததும் நான் எழுந்து வெளியே போய்விட்டேன். கோபத்தில் இல்லை, பழக்கத்தில். மேல்கோட்டுகள் தொங்குகிற நடையில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உன் மடிக்கணினி திறந்திருந்தால் இப்படித்தானே நம் வீட்டில் சுவரோரமாக நடப்பேன். ஃப்ராவ்கே வந்து என் கையைப் பிடித்தாள். “வா உள்ள. இனிமே பாத்தா பாவமில்ல” என்றாள்.

அவர்கள் தேடிப் பிடித்து வைத்திருந்தது கடைசி வரிப் பிழை.

உனக்கு ஞாபகம் இருக்கும், உன்னால் மறந்திருக்க முடியாது. மெரிடியனில் ஒரு பட்டியலை அடிவரை உருட்டினால் கடைசி வரி பாதி மறைந்து நிற்கும். உலகம் முழுக்க மென்பொருள் எழுதுகிறவர்கள் அதற்குப் பழகி, பட்டியலின் அடியில் ஒரு வெற்று வரியைச் சேர்த்து ஒட்டுப்போட்டிருந்தார்கள். குக்கூவில் நாங்கள் சரியாகச் செய்திருந்தோம். சரியாகச் செய்ததுதான் தப்பாகப் போயிற்று. அந்த வெற்று வரி முழுசாகத் தெரிந்தது. ஒரு பல் மருத்துவமனையில் பெயரில்லாத நோயாளி ஒருவர் தினமும் கடைசியாக வந்துகொண்டிருந்தார். ஆகவே அவர்களுடைய தப்பை அப்படியே நாங்களும் செய்தாக வேண்டும். ஆனால் அது எல்லா நேரமும் மறையாது. எப்போது மறைகிறது, எவ்வளவு மறைகிறது என்று வெளியே நின்று தட்டித் தட்டிப் பார்த்தே ஒரு குளிர்காலம் முழுவதும் போயிற்று.

திரையில் அந்த இடம் வந்தது. ஓரத்தில் ஒவ்வொரு வரியையும் எழுதியவர் பெயர் தெரிந்தது. உன் பெயர், ஹார்ட்முட். மேலிருந்து கீழ்வரை உன் பெயர்.

எல்லோரும் சிரித்தார்கள். “ஆளை வீட்டுலயே வெச்சுக்கிட்டு ஊரெல்லாம் தேடியிருக்கியேம்மா!” என்றான் லோதர். முதலில் சிரிப்பை நிறுத்தியவனும் அவன்தான்.

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பல் பிடுங்குவதற்கு முன் ஊசி போட்டு உட்கார வைப்பார்களே, அப்படி இருந்தது. இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது. வேலைக்குப் போகிறேன், துணி துவைக்கிறேன், தூக்கமும் வருகிறது. ஆனால் அந்தக் குளிர்காலத்தின் ஒரு ராச்சாப்பாடு மட்டும் வந்து வந்து போகிறது. உன்னிடம் பேசக்கூடாது என்பதால் தட்டிடம் பேசினேன். “இதை எழுதினது எந்தக் கழுதையோ, அவன் மட்டும் என் கையில கெடைக்கட்டும்” என்றேன். நீ எழுந்துபோய் உருளைக்கிழங்கு உரிக்க ஆரம்பித்தாய். சாப்பிட்டு முடித்திருந்தோம், ஹார்ட்முட். ஒரு பானை நிறைய உரித்தாய். நாளைக்கு ஆகும் என்றாய். அந்த வாரம் முழுக்க உருளைக்கிழங்கு தின்றோம். நான் உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடுத்த வசந்தத்தில் வான்கூவருக்கு மாற்றல் கேட்டு வாங்கினாய். பதவி உயர்வுக்காகப் போகிறாய் என்று நினைத்தேன். மற்றவர்களிடமும் அப்படித்தான் சொன்னேன்.

மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. நம் இருவருக்கும் வாய்ப்பூட்டு போட்டது அந்த விதி. குக்கூவைத் தொடங்கிய முதல் நாள் அதை நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் எழுதினோம். நீ மெரிடியன் வேலைக்குச் சேர்ந்த அன்று குக்கூவின் பட்டியலிலிருந்து உன் கையாலேயே உன் பெயரை எடுத்தாய். அந்த ராத்திரி நீ ஒரு சொல் சொல்லியிருந்தால் என் வேலை மிச்சமாகியிருக்கும். குக்கூ அன்றைக்கே செத்திருக்கும். நீ சொல்லாமல் இருந்தாய். நான் செய்துகொண்டிருந்ததை என்னைவிட நீதான் கவனமாகக் காப்பாற்றியிருக்கிறாய். இதற்கு நன்றி சொல்வதா, உன் சட்டையைப் பிடித்து உலுக்குவதா என்று தெரியவில்லை. ஒரு செருமலாவது செருமியிருக்கலாமே நீ.

குக்கூவை மூடுவது என்று முடிவாகிவிட்டது. மூடுவதற்கு முன் கடைசி வரியையாவது திருத்திவிடலாமா என்று ஃப்ராவ்கே கேட்டாள். கொஞ்சம் இருக்கட்டும் என்றேன்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒருமுறை தொலைபேசியில் கூப்பிடு. என் மாலை உனக்குக் காலை. சாப்பாட்டு மேஜையிலேயே இருப்பேன். அங்கே மழையா என்று நான் கேட்க மாட்டேன், நீயும் சொல்லாதே. அந்த வரி எப்போது மறையும், எவ்வளவு மறையும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். நீ ஏன் அப்படி எழுதினாய் என்பது மட்டும் எனக்குத் தெரியாது. அவசரமா, அலுப்பா, அன்று என்ன நடந்தது, பக்கத்தில் யார் இருந்தார்கள், எல்லாவற்றையும் சொல். நீளமாகச் சொல், பாதியில் எழுந்து போகாதே. அதற்குப் பிறகும் அங்கேயே இருக்க வேண்டும் என்று தோன்றினால் இரு.

சத்துள்ளதாகச் சாப்பிடு, திரையையே பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. இத்தனை நாள் மூடியே கிடந்த உன் வேலை அறைக் கதவைத் திறந்து வைத்திருக்கிறேன்.

இன்னமும் உன் மனைவியான
அன்னெக்ரெட்