புதுசு என்று கொடுத்த மாஸ்க்

ஜூன் 3
காசநோய் வார்டில் தரை துடைக்கிற எனக்கும் கூட்டாளி அக்காவுக்கும் வாரத்துக்கு இரண்டு கெட்டி மாஸ்க். இன்று வாங்கியதில் புது வாசனை இல்லை, ஸ்பிரிட் வாசனை. ஸ்டோரில் என் அண்ணன்தான் எடுத்துக் கொடுத்தான். "மோந்து பாத்து வாங்க இது என்ன மீனா?" என்று சிரித்தான். நானும் சிரித்துவிட்டு வந்தேன்.

ஜூன் 6
அக்காவுக்கு மூன்று வாரமாக இருமல். "தூசிடி" என்கிறாள். தூசியா?
கழற்றிய மாஸ்க்கைக் குப்பையில் போடாமல் தனிப் பெட்டியில் போடச் சொல்கிறார் சூப்பர்வைசர். எதற்குத் தனிப் பெட்டி? கேட்டால், "சொன்னதச் செய்ம்மா."

ஜூன் 7
பெட்டியில் கிடந்த எட்டு மாஸ்க்கிலும் பட்டியின் உள்பக்கம் பேனாவால் ஒரு புள்ளி வைத்தேன். அக்காவிடம்கூடச் சொல்லவில்லை.

ஜூன் 13
புள்ளி!
ஒட்டின உறைக்குள்ளே, புதுசுன்னு குடுத்த மாஸ்க்கில. அப்போ யாரோ போட்டுக் கழட்டினதத்தான் இத்தன நாளா நாங்க...

ஜூன் 14
அக்காவின் சளிப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. காசநோய்தான்.
மதியம் சொல்லாமல் கொள்ளாமல் ஸ்டோருக்குப் போனேன். கதவு உள்ளே தாழ். தட்டினேன். திறந்த அண்ணனின் முகம் வெளிறிப் போனது. மேசையில் மாஸ்க் குவியல், பக்கத்தில் உறை ஒட்டும் மெஷின். ஜன்னல்கூடத் திறக்கவில்லை. அவன் மூக்கை ஒரு கைக்குட்டைகூட மறைக்கவில்லை.
"சரக்கு வரல. சூப்பர்வைசர் சொன்னாரு, செஞ்சேன்."
"அக்காவுக்கு வந்திருச்சு அண்ணா."
"கத்தாத. என் வேல போயிடும்."
எனக்கு இந்த வேலையை வாங்கித் தந்தவன். இவனா?

ஜூன் 15
அவன் என் கூடப் பிறந்தவன். சரி. அக்கா யார் கூடவும் பிறக்காதவளா?

ஜூன் 16
ஆஸ்பத்திரி மேலதிகாரியிடம் எழுதிக் கொடுத்தேன், அண்ணன் பெயரையும் சேர்த்து. "சொந்த அண்ணனா?" என்று இரண்டு தரம் கேட்டார். ஏன் இரண்டு தரம்? இவரும் அவர்கள் ஆளோ? நகலில் முத்திரை வாங்காமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

ஜூலை 2
சூப்பர்வைசரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அண்ணனையும். என்னைத் தாண்டித்தான் வெளியே போனான். ஏறிட்டும் பார்க்கவில்லை.

ஜூலை 9
எல்லோருக்கும் பரிசோதனை, நிறுத்தியவர்களுக்கும். எனக்கு நோய் இல்லை. அண்ணனுக்கு இருக்கிறது.
எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாதாம். டாக்டர் அப்படித்தான் சொல்கிறார். சொல்ல முடியாதா, சொல்ல மாட்டார்களா?

ஜூலை 20
அண்ணன் வீட்டுக்குப் போனேன். துரத்துவான் என்றுதான் நினைத்தேன். கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.
"அந்தக்கா எப்படி இருக்கு?"
"மாத்திர சாப்பிடுது. இருமல் கொறஞ்சிருக்கு."
கட்டில் ஓரத்தில் உட்காரப் போனேன். "தள்ளி உக்காரு" என்றான்.
ஜன்னலைத் திறந்துவிட்டேன். தள்ளித்தான் உட்கார்ந்தேன். ஆனால் பொழுது சாயும் வரை எழுந்து போகவில்லை.