பீரோவில் வைத்த கேமரா

ஊட்டி,
ஞாயிறு காலை

அன்பு மகள் மெஹ்ரினுக்கு அத்தா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையில் நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் நல்லபடியாக இருக்கத் தினமும் துஆ செய்கிறோம். இங்கே நான்கு நாளாக விடாத மழை, அம்மா துவைத்த துணியெல்லாம் அடுப்புப் பக்கம் காய்கிறது. மழை என்றால் நம் ஸ்வெட்டர் கடையில் வியாபாரம் நடக்கும் என்று நினைப்பாய், டூரிஸ்டே வராதபோது யாருக்கு விற்பது. சென்னையில் உன் பெரியம்மா மகள் கல்யாணம் நல்லபடி முடிந்தது, பிரியாணி மட்டும் கொஞ்சம் குழைந்துவிட்டது, அதை அம்மா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் சொன்னால் பரவாயில்லைங்கத்தா என்று உடனே சொல்லிவிடுவாய், நான் பாதிகூடச் சொல்லியிருக்க மாட்டேன். அதனால்தான் எழுதி, அடுத்து மஸ்கட் வரும் சுபுஹானிடம் கொடுத்துவிடும் உன் கேமரா பைக்குள்ளேயே வைக்கிறேன்.

லீவு கிடைக்கவில்லை, கல்யாணத்துக்கும் வர முடியாது, இந்த வருஷம் ஊர்ப்பக்கமே இல்லை, அதனால் கேமராவை சுபுஹான் அண்ணனிடம் கொடுத்துவிடுங்கள் என்று போன மாதம் சொன்னாய் அல்லவா. அன்றைக்கே பீரோவைத் திறந்தேன். நீ நிக்காஹ் முடிந்து போனபோது, பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று உன்னிடமிருந்து வாங்கி வைத்தவன் நான். முப்பது வருஷமாகக் கம்பளியைப் பூச்சி தின்னாமல் காப்பாற்றுகிறவனுக்கு ஒரு கேமரா பெரிதா என்ற திமிர். கம்பளிச் சால்வையில் சுற்றி, இரண்டு பிளாஸ்டிக் கவர் போட்டு இறுக்கிக் கட்டி, நாலு அந்துருண்டையும் போட்டு, அடித்தட்டில் வைத்துப் பூட்டினேன். இரண்டு வருஷமாகத் திறக்கவே இல்லை. எடுத்துப் பார்த்தால் லென்ஸுக்குள்ளே சிலந்திவலை மாதிரி வெள்ளை வெள்ளையாக நூல் ஓடியிருக்கிறது. கைலி நுனியால் துடைத்தேன், போகவில்லை, அது உள்பக்கம் இருக்கிறது. உன் முதல் சம்பளத்தில் நீ வாங்கியது அது.

அம்மாவிடமும் சொல்லவில்லை. கேமராவைச் சூட்கேஸில் மறைத்துச் சென்னைக்குக் கொண்டுபோய், கல்யாணத்துக்கு மறுநாள் தலைவலி மாத்திரை வாங்கி வருகிறேன் என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தேன். நாலு கடை ஏறி இறங்கி, ஐந்தாவதாக ஒரு மாடிக் கடை. ரோஸ்மேரி என்று ஒரு அம்மா, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தார். பூஞ்சை சார், எந்த ஊரு, ஊட்டியா, அதான், பூட்டியே வெச்சா இப்படித்தான் ஆகும், எடுத்து யூஸ் பண்ணிட்டே இருந்தா வராது என்றார். சுத்தம் செய்தாலும் கறை நிற்குமாம். ஈரத்தை உறிஞ்ச இதைப் போட்டு வையுங்கள் என்று ஒரு சின்ன வெள்ளைப் பொட்டலத்தைக் காட்டினார், பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். நம் கடைக்கு வரும் ஜெர்கின் கவர் ஒவ்வொன்றிலும் அது கிடக்கிறது, கூட்டிக் கூட்டிக் குப்பையில் போட்டுக்கொண்டிருக்கிறேன். அதே கம்பெனி, அதே நம்பர் லென்ஸ் ஒன்று, யாரோ கொஞ்ச நாள் வைத்திருந்தது, அவரிடம் இருந்தது. பேரம் பேசுகிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும் என்று உனக்குத் தெரியும், அன்றைக்கு அரை மணி நேரம் நானே பேசினேன். பழைய லென்ஸில் நீ ஒட்டியிருந்த பச்சை ஸ்டிக்கரைப் பிரித்து இதில் ஒட்டிவிட்டால் உனக்கு எங்கே தெரியப்போகிறது என்பதுதான் என் திட்டம்.

லென்ஸை மாட்டிச் சரிபார்க்க அந்த அம்மா கடை பேட்டரியைப் போட்டார், உள்ளே இருந்த படங்களையும் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தார். திடீரென்று சிரித்து, யாரு சார் இவரு, எல்லாத்துலயும் கையை மட்டும் காட்டுறாரு என்று என் பக்கம் திருப்பினார். என் கைதான் கண்ணு. ஸ்வெட்டர் மடிக்கும்போது, டீ கிளாஸோடு, பெருநாள் காலையில் புதுச்சட்டையோடு, எல்லாவற்றிலும் உள்ளங்கையை நீட்டி முகத்தை மறைத்துக்கொண்டு நிற்கிறேன். நீ கேமராவைத் தூக்கும்போதெல்லாம், போ கண்ணு, யாவார நேரத்துல என் மூஞ்சி எதுக்கு என்று விரட்டியவன் நான்தானே. ஒரு படத்திலாவது முகம் இருக்காதா என்று நானே தேடிப் பார்த்தேன், இல்லை. கடைசிப் படம் நிக்காஹ் அன்று வீட்டை விட்டுக் கிளம்பும் முன் மணப்பெண் உடுப்போடு நீ எடுத்தது, அதிலும் கைதான். தெரிந்தவர் ஒருத்தர் என்று அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டு, லென்ஸுக்குப் பணத்தைக் கொடுத்துக் கீழே இறங்கினேன்.

ஊட்டிக்கு வந்து ஸ்டிக்கரை நகத்தால் கிளப்பிக்கொண்டிருந்தபோது அம்மா பார்த்துவிட்டாள். விஷயத்தைக் கேட்டு, ஏனுங்க, பெத்த புள்ளையவே ஏமாத்தப் பாக்கறீங்களா, அவளுக்குத் தெரியாமப் போயிருமுங்களா என்று ஒரு பிடி பிடித்தாள். எனக்கும் அதற்குமேல் கை வரவில்லை. பழைய லென்ஸ் உன் ஸ்டிக்கரோடு அப்படியே பையில் இருக்கிறது, சென்னையில் வாங்கியதும் இருக்கிறது, வெள்ளைப் பொட்டலம் இருபது போட்டிருக்கிறேன். மஸ்கட்டில் மழை இல்லை என்று சும்மா இருந்துவிடாதே, கடல் ஓரத்திலும் ஈரம் உண்டாம். பூட்டி வைக்காதே, தினமும் எடு, மாப்பிள்ளையை நிற்க வைத்து எடு. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நிக்காஹ் அன்று நான் கையை நீட்டியது வெட்கத்தில் இல்லை, அழுதுகொண்டிருந்தேன், நீ பார்த்துவிடக் கூடாது என்றுதான். இதை எதற்கு அங்கே தூக்கிச் சுமக்கிறாய் என்று சொல்லிக் கேமராவை வாங்கி வைத்ததும் ஒரு சாக்குதான். உன் சாமான் ஒன்று இங்கே இருந்தால் அதை எடுக்கவாவது சீக்கிரம் வருவாய் என்று நினைத்தேன். இப்போது அதுவும் சுபுஹானோடு கிளம்புகிறது.

லீவுக்காக மேனேஜரிடம் சண்டை போடாதே, கிடைக்கும்போது வா. ராத்திரிச் சாப்பாட்டைத் தள்ளாதே, போனில் குரல் மெலிந்து கேட்கிறது என்று அம்மா சொல்கிறாள். அல்லாஹ் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தரட்டும். வரும்போது கேமராவை மறக்காமல் கொண்டு வா. கடைக்கு ஒருநாள் லீவு விட்டுவிட்டு, கையைக் கீழே போட்டுக்கொண்டு, நீ போதும் என்கிற வரைக்கும் நிற்கிறேன்.

இப்படிக்கு,
உன் அத்தா
மொய்னுதீன்