பாம்பன் காற்று

ஆனிக் காற்று தொடங்கிவிட்டது. புறவாசல் வேப்பமரத்தில், மஞ்சள் துணியால் வாய் கட்டித் தொங்கவிட்ட மண்கலயம் அதில் ஆடிக்கொண்டிருக்கிறது. கலயத்துக்குள் நீங்கள் இருக்கிறீர்கள். அடுக்களைச் சன்னல் வழியாக அதைப் பார்த்தபடிதான் இதை எழுதுகிறேன். காற்று உங்களை ஆட்டுவதைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. இத்தனை வருஷமாக அந்தக் காற்றைச் சொல்லித்தானே நீங்கள் என்னை ஆட்டிவைத்தீர்கள்.

போனவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டுமாம். பதினாறாம் நாள் வந்தவர்கள் அதைக் குறைவில்லாமல் சொன்னார்கள். பாம்பன் பாலத்தையே நீங்கள் ஒருவர்தான் தோளில் தாங்கிக்கொண்டிருந்தது போலச் சேரன்மகாதேவி முழுக்கப் பேச்சு. நம் மகன் அதைக் கேட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றான். நான் வாய் திறக்கவில்லை. வந்தவர்களுக்கு இலை போடுகிற நேரத்தில் நான் பேசத் தொடங்கினால் பந்தி நடக்காது. அதனால் இங்கே பேசுகிறேன்.

கல்யாணம் ஆனபோது உங்களுக்குப் பாம்பனில் ரயில்வே வேலை. நான் இங்கே உங்கள் அம்மாவுக்குத் துணையாக, பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு டீச்சராக. கடலுக்கு மேலே நீளமான பாலம், நடுவில் கப்பல் போவதற்காக இரண்டாகப் பிளந்து மேலே எழும் தூக்குப்பாலம், அதை ஆட்கள்தான் கம்பியைத் தள்ளிச் சுற்றிச் சுற்றித் தூக்க வேண்டும் என்றெல்லாம் முதலிரவிலேயே எனக்குப் பாடம் நடத்தினீர்கள். என் பேரைச் சொல்லிக் கூப்பிட உங்களுக்கு அதற்குப் பிறகு ஒரு வாரம் ஆனது.

காற்றைப் பற்றியும் அப்போதே சொன்னீர்கள். கடல் மேல் காற்று ஓர் அளவைத் தாண்டினால் சிக்னல் கைகாட்டி இறங்காது, வண்டி பாலத்தில் ஏறாது. பாம்பன் ஒரு தீவு, அந்தக் காலத்தில் அங்கிருந்து வெளியே வர ரயிலை விட்டால் படகுதான். அந்தக் காற்றில் படகும் போகாது. மூத்தவள் பிறந்தபோது நீங்கள் வரவில்லை. பேர் வைத்து முடிந்த பிறகு வந்து நின்றீர்கள். "பெட்டியெல்லாம் கட்டி ஸ்டேசனுக்கு வந்துட்டேம்ட்டி. காத்து விடல" என்றீர்கள். உங்கள் அப்பாவுக்குக் கொள்ளி வைத்தது உங்கள் தம்பி. அதற்கும் காத்து.

நான் நம்பினேன். நீங்கள் வருவதாகச் சொன்ன நாளில் விடிந்ததும் முதல் வேலையாக வாசலில் நின்று தென்னை ஓலையைப் பார்ப்பேன். இங்கே ஓலை அசையாமல் இருந்தால் அங்கே கைகாட்டி இறங்கும் என்று எனக்கு நானே ஒரு சாஸ்திரம் வைத்திருந்தேன். ஆற்றைத் தவிர வேறு தண்ணீரைப் பார்க்காதவள், வயல்காட்டில் நின்றுகொண்டு கடலுக்குக் காற்றுப் பார்த்தேன். உங்கள் அம்மாகூடச் சிரிப்பார்கள்.

வந்தால் மட்டும் என்ன, வாயைத் திறந்தால் பாலம்தான். "வெள்ளைக்காரன் மூளையப் பாருட்டி! அந்தக் காலத்துல எழும்பூர்ல டிக்கெட் எடுத்தா கொழும்புல போய் இறங்கலாம். தனுஷ்கோடி வரைக்கும் ரயிலு, அங்கன இருந்து கப்பலு. எல்லாம் ஒரே டிக்கெட்டு" என்பீர்கள், ஏதோ நீங்கள் யோசனை சொல்லிக் கட்டினாற்போல. ஒருநாள் கேட்டேன், இவ்வளவு செலவு செய்து கடலுக்கு மேலே அவன் எதற்காகப் பாலம் போட்டான் என்று. "யாவாரத்துக்குத்தான்" என்றீர்கள்.

என்ன வியாபாரம்? எங்கள் அம்மாவின் பெரியப்பா அந்தப் பாலத்து வழியாகத்தான் கங்காணியோடு இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனார். மண்டபம் முகாமில் மாட்டை அடைப்பது போல அடைத்துவைத்து, நோய் இருக்கிறதா என்று பார்த்து, ஊசி போட்டு வண்டியேற்றினார்களாம். போனவரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. அந்தப் பாலம் எங்கள் ஊர் ஆண்பிள்ளைகளை வாங்கிக்கொள்ளக் கட்டியது, திருப்பிக் கொடுக்கக் கட்டியதல்ல என்று உங்கள் முகத்துக்கு நேரே சொன்னேன். நீங்கள் சிரித்தீர்கள். "ஏட்டி, பாலம் என்ன செய்யும்? அது பாட்டுக்கு நிக்கி." அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

எந்த விசேஷ வீட்டுக்குப் போனாலும் புயல் கதையை எடுத்துவிடுவீர்கள். தனுஷ்கோடியை அழித்த புயலில் பாலமும் சிதைந்துபோனது. அதைச் சரிசெய்யக் கூலிக்குப் போய்த்தான் நீங்கள் ரயில்வேயில் ஒட்டிக்கொண்டீர்கள். "அவ்வளவும் விழுந்து கெடக்கு, நடுவுல தூக்குப்பாலம் மட்டும் அசையாம நிக்கி! கடலுக்குள்ள கெடந்த இரும்ப நாங்கல்லா தேடி எடுத்துத் தூக்கி வச்சோம்." கேட்பவர்கள் சாப்பாட்டை மறந்துவிடுவார்கள். அந்த இரவில் தனுஷ்கோடிக்குப் போன வண்டியோடு கடலில் போன சனங்களைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. இரும்பு தப்பித்ததுதான் உங்களுக்குக் கதை.

பிறகு பக்கத்திலேயே பஸ் போகிற பாலத்தைத் திறந்தார்கள். தாமிரபரணிக் கரையில் அதற்காகப் பாயசம் வைத்தது நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இனிமேல் காற்றின் தலையில் பழியைப் போட முடியாதல்லவா? மூத்தவளுக்கு மாப்பிள்ளை பார்த்து முடிவானது. முதல்நாளே வந்துவிடுவதாகச் சொன்னீர்கள். முகூர்த்த நேரம் வரைக்கும் பார்த்துவிட்டு எங்கள் அண்ணனும் மதினியும் நின்று தாரை வார்த்துக் கொடுத்தார்கள்.

மறுநாள் ஓலைப்பெட்டி நிறையக் கருவாட்டோடு வந்து இறங்கினீர்கள். சம்பந்தி வீட்டார் இருக்கிறார்களே என்றுகூடப் பார்க்காமல் கேட்டேன்: "பஸ்ஸு ஓடுதுல்லா?"

"ஓடுது. கப்பல் ரெண்டு வந்து நிக்கி. பாலத்தத் தூக்க ஆளு பத்தல. நான் எப்படி விட்டுட்டு வர?"

தாலி மஞ்சள்கூடக் காயாத நம் மகள் என் கையைப் பிடித்தாள். "விடும்மா. அப்பா என்ன செய்வாங்க?" அவளும் உங்கள் கட்சி.

அதன் பிறகு எனக்குச் சந்தேகம் வந்தது. மறைக்கவில்லை, அங்கே இன்னொருத்தி இருக்கிறாள் என்றே நினைத்தேன். பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல் பஸ் பிடித்துப் பாம்பன் வந்தேன். ரோட்டுப் பாலத்தில் இறங்கிக் கைப்பிடிச் சுவர் ஓரமாக நின்றேன். கீழே உங்கள் பாலம். ஒரு கப்பல் காத்துக்கொண்டிருந்தது. நீங்களும் மற்றவர்களும் ஏலேலோ போட்டுக்கொண்டு கம்பியைச் சுற்றினீர்கள். இரும்பு பையப் பைய எழும்பியது. வியர்வையோடு அண்ணாந்து அதைப் பார்த்துச் சிரித்தீர்கள். அப்படி ஒரு முகத்தோடு நீங்கள் நம் வீட்டுக்குள் ஒருநாளும் நுழைந்ததில்லை. இன்னொருத்தி இருந்திருந்தால் தேவலை, முடியைப் பிடித்து இழுத்து நாலு கேள்வி கேட்டிருப்பேன். இரும்பை என்ன செய்ய? அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். நான் வந்ததே உங்களுக்குத் தெரியாது.

ஓய்வு பெற்று வந்து இங்கே இருந்தீர்களே, இருந்தீர்களா? போன வருஷம் டிவியில் புதுப் பாலத்தைக் காட்டினார்கள். நடுப்பகுதி மொத்தமும் மின்சாரத்தில் நேராக மேலே எழும்பியது. "ஆளே இல்லாமத் தூக்குதான்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள். பழைய பாலத்தைப் பிரிக்கப்போவதாகச் சொன்னபோது உங்கள் கண் கலங்கியதையும் பார்த்தேன். உங்களைப் பெற்றவர் போனபோது கலங்காத கண்.

கடைசியில் படுக்கையிலிருந்தும் ஒரு உத்தரவு. "என்னைய ராமேஸ்வரத்துல கரைங்க. ரயில்லதான் கொண்டு போணும். பஸ்ல வேண்டாம்." மகன் எல்லோருக்கும் டிக்கெட் போட்டான். இன்று கிளம்ப வேண்டும்.

நேற்று சாயங்காலம் போனைப் பார்த்துக்கொண்டே வந்தான். "எம்மா, பாம்பன்ல காத்து ரொம்ப அடிக்காம். வண்டி மண்டபத்தோட நின்னுருமாம்."

எனக்கு வந்த சிரிப்பை அடக்க முடியவில்லை. மருமகள் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"காரு பிடிச்சு ரோட்டுப் பாலத்துல போயிருவோமா?" என்றான்.

"ஒங்க அப்பா மக கல்யாணத்துக்கே ரோட்டு வழியா வரல. இதுக்கா வரப்போறாங்க?"

போனைப் பைக்குள் போட்டான். "அப்படின்னா ரெண்டு நாள் பொறுப்பம்மா. காத்து அடங்கட்டும்."

அந்த வார்த்தைதான். உங்கள் அம்மா சொன்னது, எங்கள் அண்ணன் சொன்னது, கர்ப்பத்தில் மூச்சு வாங்கியபோது நானே எனக்குச் சொல்லிக்கொண்டது. காத்து அடங்கட்டும், பொறு. இனி ஒரு நாள்கூட நான் பொறுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இன்னும் கொஞ்ச நேரத்தில் கலயத்தை அவிழ்த்து நம் ஆற்றுக்குத்தான் கொண்டு போகப் போகிறேன். மகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான். அப்பாவின் கடைசி ஆசையாம். எனக்கும் ஆசைகள் இருந்தன என்பது அவனுக்குத் தெரியாது.

மூத்தவளும் பக்கத்தில்தான் இருந்தாள். அவள் உங்களுக்காக என்னோடு சண்டை போடுவாள் என்று காத்திருந்தேன். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "மணவறையில இருந்து வாசலையேதாம்மா பாத்துக்கிட்டு இருந்தேன். அய்யர் ரெண்டு தடவ ஏசினாரு." பிறகு, "காலைல நானும் வாறேன்" என்றாள். இத்தனை வருஷம் அவள் என்னிடம்கூடச் சொல்லவில்லை. உங்களைக் காப்பாற்றிக்கொண்டு இருந்திருக்கிறாள்.

இந்த ஆறு புன்னைக்காயலில் போய்க் கடலில் சேரும். அது உங்கள் பாம்பனைத் தொடுகிற கடல்தான். கரை ஓரமாகவே போனால் வழி தப்பாது. பாலத்தை முழுக்கப் பிரிப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிடுங்கள். வழியில் காற்று அடித்தால் நில்லுங்கள். கைகாட்டி இறங்குகிற வரைக்கும் அங்கேயே நில்லுங்கள். நான் நின்றேன்.

உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரே ஒரு பழக்கம், அதை எந்த ஆற்றில் விட முடியும்? இன்று விடிந்ததும் வாசலுக்குப் போய் அண்ணாந்து பார்த்தேன். தென்னை ஓலை ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தது. சரி, இன்றைக்கும் வரமாட்டார் என்று நினைத்துக்கொண்டே உள்ளே வந்தேன். அடுப்பைப் பற்றவைத்த பிறகுதான் கலயம் ஞாபகத்துக்கு வந்தது.