எனக்குச் சுகர் இல்லை

ஜூன் 2, திங்கள்
வீட்டு ஃபிரிட்ஜ் செத்துவிட்டது. மெக்கானிக் அதன் முதுகில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, பாகம் வர மூன்று வாரம் ஆகும் என்றார். வாரத்துக்கு மூன்று ஊசி; இன்றையது போக இன்னும் பதினொன்று இருக்கிறது, குளிரில்தான் வைக்க வேண்டும். கம்பெனி ஃபிரிட்ஜில் வை என்கிறாள் அம்மா. ஏதோ தண்ணீர் பாட்டில் வைப்பதுபோல.

ஜூன் 3, செவ்வாய்
யாரும் வருவதற்கு முன்பே போய், பாட்டில்களுக்குப் பின்னால் பெட்டியை ஒளித்து வைத்தேன். யார் பார்த்தார்களோ, பத்து மணிக்குள் தையல் கூடம் முழுக்கத் தெரிந்துவிட்டது. இஸ்திரி போடும் அக்கா என் மேசைக்கே வந்தார். "உனக்கும் சுகரா, வாயாடி?" நான் பேசுவதே இல்லை என்பதால் அங்கே என் பெயர் வாயாடி.

தலையாட்டிவிட்டேன்.

ஏன் ஆட்டினேன்? மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று சொல்லி முடிப்பதற்குள் விடிந்துவிடும். அப்புறம் அப்படீன்னா என்ன, ஒட்டுமா, கல்யாணம் ஆகுமா — யாரால் முடியும்? பத்தாம் வகுப்பில் இடது கண் மங்கி, ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டுத் திரும்பியபோது டீச்சர் வகுப்புக்கே விளக்கிச் சொன்னார். அன்று மதியம் என் பெஞ்சில் நான் மட்டும்தான். அதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. இங்கே சட்டைகளில் நூல் பிசிறு வெட்டுகிறேன். கண் கெட்டவள் கையில் கத்தரி எதற்கு என்று சூப்பர்வைசர் கேட்டால் இந்த வேலையும் போகும்.

சுகர் என்றால் யாரும் பயப்படுவதில்லை.

ஜூன் 4, புதன்
வலது தொடை. குளிர்ந்த மருந்து எரியும். பையில் போட்டு வீட்டுக்கு நடப்பதற்குள் குளிர் போய்விடுகிறது. "நான் போட்டு விடவா" என்று அம்மா வந்து நின்றாள். வேண்டாம். அவள் கண்ணை மூடிக்கொண்டு குத்துவாள்.

ஜூன் 5, வியாழன்
காய்ச்சல். ஊசிக்கு மறுநாள் எப்போதும் வருவதுதான். நோய்க்கு மருந்து, மருந்துக்கு இன்னொரு நோய்.

ஜூன் 9, திங்கள்
இஸ்திரி அக்கா இப்போதெல்லாம் என்னோடுதான் சாப்பிடுகிறார். நாம் ரெண்டு பேரும் ஒரே கட்சியாம். செருப்பில்லாமல் நடக்காதே, நேரத்துக்குச் சாப்பிடு. கேள்வியும் அவரே, பதிலும் அவரே. எனக்கு வசதி. இன்று வயிற்றில் எங்கே குத்தினால் வலி தெரியாது என்று விரலால் தொட்டுக் காட்டினார். சாயங்காலம் அங்கேயே குத்தினேன். வலி குறைவுதான்.

ஊசியைப் பற்றி முகத்தைச் சுளிக்காமல் என்னிடம் பேசிய முதல் ஆள். அவரிடம் போய் பொய்.

ஜூன் 11, புதன்
சூப்பர்வைசர் மகளுக்குப் பிறந்தநாள். எல்லாருக்கும் கேக். எனக்கும் இஸ்திரி அக்காவுக்கும் உப்பு பிஸ்கட்.

ஜூன் 13, வெள்ளி
வெயிலில் இடது கால் மரத்துப்போய் வாசலில் தடுக்கி விழுந்தேன். சுகர் இறங்கிவிட்டது என்று மூன்று பேர் சேர்ந்து என் வாயில் சர்க்கரையைக் கொட்டினார்கள். சுகர் இருக்கிறது என்று கேக்கைக் கொடுக்கவில்லை, குறைந்துவிட்டது என்று சர்க்கரையைத் திணிக்கிறார்கள். இல்லாத நோய்க்கு எத்தனை வைத்தியம்!

ஜூன் 15, ஞாயிறு
"சொல்லித் தொலைச்சா என்னடி, வாயில என்ன கொழுக்கட்டையா?" என்கிறாள் அம்மா. நாளைக்குச் சொல்லிவிடுவேன்.

ஜூன் 16, திங்கள்
சொல்லவில்லை.

ஜூன் 18, புதன்
மதியம் தண்ணீர் எடுக்கப் போனபோது பெட்டி திறந்திருந்தது. ஐந்து இருக்க வேண்டும். நான்குதான் இருந்தது. இஸ்திரி மேசையில் அக்கா இல்லை. அவர் வழக்கமாக ஊசி போட்டுக்கொள்ளும் துணி மூட்டைகளுக்குப் பின்னால் ஓடினேன். அவர் சட்டையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். என் ஊசி அவர் கையில். மூடியைக் கழற்றிவிட்டார்.

"போடாதீங்கக்கா! அது சுகர் மருந்து இல்ல. எனக்குச் சுகரே இல்ல!"

எனக்கு அவ்வளவு பெரிய குரலா? மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

அக்கா ஊசியை மெதுவாகக் கீழே வைத்தார். "என்னோடது தீந்துபோச்சு. சாயங்காலம் வாங்கி வச்சிரலாம்னு பாத்தேன்," என்றார். சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டார். "அப்ப இத்தனை நாளா என்னை வேடிக்கை பாத்துட்டு இருந்தியா?"

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. கத்துவதற்கு மட்டும் வந்தது.

சூப்பர்வைசர் கூப்பிட்டு, நோயின் பெயரை மூன்று தடவை சொல்ல வைத்தார். பிறகு ஒரு சட்டையைத் தூக்கிப் போட்டு, பிசிறு பார் என்றார். மூன்று பிசிறு எடுத்தேன். ஒரு பொத்தான் தளர்ந்திருந்ததையும் காட்டினேன். "சரி, போய் வேலையப் பாரு."

அவ்வளவுதானா? இதற்கா இத்தனை நாள் செத்துப் பிழைத்தேன்?

ஜூன் 19, வியாழன்
காய்ச்சல். ஃபிரிட்ஜில் நோட்டீஸ்: பெயர் எழுதாத மருந்து வைக்கக் கூடாது. இஸ்திரி அக்கா வேறு இடத்தில் சாப்பிட்டார். ஒட்டிக்கொள்ளும் என்ற பயத்தால் இல்லை. அது எனக்குத் தெரிகிறது. அதனால்தான் இன்னும் வலிக்கிறது.

ஜூன் 23, திங்கள்
வீட்டு ஃபிரிட்ஜ் சரியாகிவிட்டது. இப்போது!

ஜூன் 25, புதன்
நானே இஸ்திரி மேசைக்குப் போனேன். மன்னிச்சிருங்கக்கா என்று சொன்னேனா, முனகினேனா தெரியவில்லை. அவர் நிமிராமல் ஒரு காலரைத் தேய்த்து முடித்தார். பிறகு, "அது என்ன வியாதின்னாவது சொல்லு," என்றார்.

இஸ்திரிப்பெட்டி வயரைக் காட்டினேன். இதன் மேல்உறை பிய்ந்தால் கரண்ட் ஒழுங்காகப் போகாது இல்லையா, அதுபோல என் நரம்புக்கு.

"டேப் சுத்துனா சரியாயிடாதா?"

"பிஞ்சது பிஞ்சதுதான்க்கா. புதுசா அதிகம் பிய்யாம இருக்கத்தான் ஊசி."

அவர் வயரைக் கொஞ்ச நேரம் விரலால் தடவிப் பார்த்தார்.

ஜூன் 30, திங்கள்
கட்டிங் மாஸ்டருக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. கேக் வந்தது. எனக்கும் ஒரு துண்டு. இஸ்திரி அக்கா தன் பங்கையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "எனக்குத்தான் சுகர். உனக்கென்ன கேடு, தின்னு."

மேலே விரற்கடை உயரத்துக்கு கிரீம். எனக்கு ஆகவே ஆகாது. முன்பு என்றால் பேசாமல் விழுங்கிவிட்டுப் போயிருப்பேன்.

"கிரீம் பிடிக்காதுக்கா."

"இத்தனை நாளா வாயே திறக்கல. இப்ப இதுல குறை வேறயா?" என்று முறைத்தார். பிறகு என் மேசையின் ஓரத்தில் உட்கார்ந்து, ஸ்பூனால் கிரீமை முழுக்க வழித்தெடுத்துவிட்டு, கேக்கை மட்டும் கொடுத்தார்.

சாயங்காலம் ஊசி. இடது தொடை. ஒரே குத்து.