பாவாயியம்மா சொல்லிக்கொடுத்த பதில்கள்

செவ்வாய்க்கிழமை

எங்கள் முதியோர் இல்லத்திலிருக்கும் ராமாயியம்மாவுக்கு மகளின் பெயரே மறந்துவிட்டது என்று இன்றுதான் தெரிந்தது. பெங்களூரிலிருந்து மகள் போனில் கூப்பிடும்போதெல்லாம், பக்கத்துக் கட்டில் பாவாயியம்மா காதில் சொல்லிக்கொடுக்க, அவர் அதையே திருப்பிச் சொல்லியிருக்கிறார்.

"தெரிஞ்சா அந்தப் புள்ள ஒடஞ்சு போயிருமுங்க," என்றார் பாவாயியம்மா.

நர்ஸாக இருந்துகொண்டு நான் மறைக்க முடியாது. மாலையில் மகளைக் கூப்பிட்டு, அம்மாவுக்கு இனிச் சோறு ஊட்டிவிடவும் ஆள் வேண்டும் என்பது வரை எல்லாவற்றையும் சொன்னேன்.



"எம்பொண்ணு பரீட்சையப் பத்தி நேத்துக் கேட்டது எங்கம்மா இல்லீங்களா?"

இல்லை என்றேன். அழுதாள். பாவாயியம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னாள்.

"நாந்தான் கேக்கச் சொன்னேன் சாமி. உங்கம்மா பேசலீன்னா நீ கூப்புடறத நிறுத்திப்போடுவியோன்னு பயந்துட்டேன்."

அதற்கு மகள் என்ன சொன்னாள் என்று பாவாயியம்மா இன்னும் எனக்குச் சொல்லவில்லை.